மார்போடு நிற்கிற வணக்கம்

பால் பொங்குவதற்குள் அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள் சிந்தனைச்செல்வி. ஏதாவது ஒரு கெடு வைத்துக்கொள்ளாவிட்டால் அவளுக்கு வாய் திறக்காது. நேற்றுச் சாயங்காலம் மணப்பாறை தாண்டி பஸ்ஸைவிட்டு இறங்கியபோது, வாசற்கதவைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவது என்று ஒரு கெடு இருந்தது. பிறகு காபி ஆறுவதற்குள் என்று ஒன்று, சாப்பிட்ட தட்டைக் கழுவுவதற்குள் என்று ஒன்று. எல்லாம் நல்லபடியாக வந்து நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன. இப்போது பின்முற்றத்தில் மூன்று செங்கல்லின் மேல் புதுப்பானை ஏறிவிட்டது. அண்ணி மலர்க்கொடி குனிந்து தென்னை மட்டையை உள்ளே தள்ளித் தள்ளி ஊதிக்கொண்டிருந்தாள். மட்டை ஈரம், புகைதான் வந்தது. பால் இன்னும் குழந்தையைக் குளிப்பாட்டுகிற வெந்நீர் அளவுக்குக்கூடச் சுட்டிருக்காது. நேரம் இருக்கிறது என்று நினைத்ததும் ஒரு நிம்மதி, அந்த நிம்மதி தப்பு என்று உடனே இன்னொரு நினைப்பு. மட்டை இன்னும் கொஞ்ச நேரம் ஈரமாகவே இருக்கட்டும் என்று மனசுக்குள் யாரிடமோ கேட்டுக்கொண்டிருக்கிறோமே, யாரிடம் என்று பார்த்தால், வேறு யார், அவனிடம்தான். அப்பாவிடம் அவனைப் பற்றிச் சொல்லாமல் தப்பிக்க அவனையே துணைக்குக் கூப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டது கதை.

அப்பா வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொங்கலுக்கென்று இஸ்திரி போட்ட கறுப்புச் சட்டை. எழுபத்தெட்டு வயசில் பேர் இளவழகன். பிறந்தபோது வைத்த பேர் பழனிச்சாமி. இயக்கத்தில் சேர்ந்த வாரமே அதைக் கழற்றிப் போட்டுவிட்டார். மூத்த பிள்ளைக்கு இங்கர்சால் என்று ஒரு வெளிநாட்டு நாத்திகரின் பேரை வைத்தார், இளையவளுக்குச் சிந்தனைச்செல்வி. வீட்டில் சிந்தனை என்றுதான் கூப்பிடுவது. சின்ன வயசில் ‘சிந்தனை எங்கே போச்சு, காணோம்’ என்று அம்மா தேடும்போது வந்திருக்கிற தோழர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிந்தனை எங்கேயும் போகாது, அதுதான் தொந்தரவே. ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும், செக்கில் பூட்டின மாடு மாதிரி. இந்த வீட்டில் தீபாவளி கிடையாது, கார்த்திகை கிடையாது, ஆயுதபூஜைக்குப் பொரி வாங்கினால்கூட அது வெறும் பொரிதான். பொங்கல் மட்டும் உண்டு, தமிழன் திருநாள், உழவன் திருநாள். அதற்கும் சட்டதிட்டங்கள் உண்டு. கரும்பு சாத்தலாம், பயிர் அது. மஞ்சள் கொத்து கட்டலாம், கிழங்கு அது. சாணிப் பிள்ளையார் கூடாது, சூடம் கூடாது, தேங்காய் உடைப்பது சமையற்கட்டோடு சரி. பானை பொங்கினால் பொங்கலோ பொங்கல் என்று கூவலாம். அப்போது கை தட்டலாம், குலவை போடலாம், கும்பிடக் கூடாது. கும்பிடுவதற்கும் அப்பா ஒரு அளவு வைத்திருந்தார். வணக்கம் மார்போடு நிற்க வேண்டும், அது மனுஷனுக்கு மனுஷன் செய்கிற மரியாதை, கை மார்பைத் தாண்டி மேலே போனால் அது அடிமைத்தனம். ஐந்து வயசில் கண்ணாடி முன்னால் நிற்கவைத்துக் கைகளைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். இவ்வளவுதான், இதுக்கு மேல எவனுக்கும் கிடையாது. அந்தக் கையின் சூடு இப்போதும் மணிக்கட்டில் இருக்கிறது. அது பிடித்தும் இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் பொய்.

புகை திசை மாறி அவள் முகத்துக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் மாலை தெரிகிறது, கண்ணுக்கு அல்ல, தோலுக்கு. ரவிக்கைக்குள் நெஞ்சுக்குழியில் ஒட்டிக்கிடக்கிற துளசிமணி மாலை, அதன் அடியில் ஒரு சின்ன வேல். மார்கழியில் போட்டுக்கொண்டது. அவள் கழுத்தில் யாரும் எதையும் கட்டியதில்லை. கல்யாணமே ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில், மைக் முன்னால், உறுதிமொழி சொல்லி, மாலை மாற்றி முடிந்துபோனது. என் மகள் கழுத்தில் கயிறு ஏறாது என்று அப்பா அன்றைக்கு மேடையில் சொன்னபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இப்போது ஏறியிருக்கிறது, அதுவும் அவளாகவே ஏற்றிக்கொண்டது. வீட்டுக்காரர் பார்த்தார், அவருக்கு எதிலும் பெரிய அபிப்பிராயம் கிடையாது. ‘மாமாகிட்ட நீயே சொல்லிக்க, என்னைய இழுக்காத’ என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருச்சியிலேயே தங்கிவிட்டார், ஆபீசில் வேலை என்று ஒரு காரணம். காரணம். அந்த வார்த்தையில் போய் நினைப்பு முள்ளில் சேலை மாட்டின மாதிரி மாட்டிக்கொள்கிறது. இந்த வீட்டில் எதற்கும் காரணம் வேண்டும். காய்ச்சல் வந்தால் காரணம், மழை பெய்தால் காரணம், அழுதால் காரணம். அழுகிற பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ‘ஏன் அழுகிறோம்னு யோசிச்சியா?’ என்று கேட்பார் அப்பா. யோசித்து முடிப்பதற்குள் அழுகை காய்ந்துவிடும். அப்பா ஏன் என்றுதான் கேட்பார். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? சொல்வதற்கு அவளிடம் ஒன்றுமே இல்லை.

விடைத்தாள் திருத்த மதுரைக்குப் போய்க்கொண்டிருந்த சித்திரை வெயிலில், விராலிமலையில் பஸ் நின்றுபோனது. அவ்வளவுதான் நடந்தது. டயரா இன்ஜினா என்றுகூட அவள் விசாரிக்கவில்லை. இன்னொரு வண்டி வரும் என்றார்கள், வரவில்லை. நிழல் தேடி நடந்தாள், நிழல் மலையடிவாரத்தில் இருந்தது, அடிவாரத்திலிருந்து படி மேலே போனது, படியோடு அவளும் போனாள். அதில் பக்தி எங்கே இருக்கிறது? தலைக்குமேல் வெயில், காலுக்கடியில் கல் சுட்டது. பாதிப் படியில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்தாள். ஒரு மயில் அவளைப் பொருட்படுத்தாமல் கடந்து போனது. காற்று வந்தது. அப்போது, இதை எப்படிச் சொல்வது, பக்கத்தில் ஒருவன் ரொம்ப நேரமாக உட்கார்ந்திருப்பதைப்போல இருந்தது. புதிதாக வந்து உட்காரவில்லை. முன்னாலேயே உட்கார்ந்திருந்திருக்கிறான், அவள்தான் இப்போது கவனித்தாள். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை, அதில் ஆச்சரியமும் இல்லை. அவள் எதையும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இல்லை, அந்த வருஷம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவள் அவள். வெப்பம் எப்படிப் பரவும், ஒலி எப்படிப் பரவும் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறவள். அது பரவிய விதத்துக்குப் படம் போடத் தெரியவில்லை. கீழே இறங்கி வந்து வேறு பஸ் ஏறி, மதுரைக்குப் போய் விடைத்தாளெல்லாம் திருத்தி முடித்தாள். மதிப்பெண்ணை மட்டும் கொஞ்சம் தாராளமாகப் போட்டாள் என்று ஞாபகம்.

அதற்கு அடுத்த வருஷம்தான் அம்மா போனாள். அப்பா அதைத்தான் பிடித்துக்கொள்வார். அம்மாவை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள், அம்மாவே எழுதிக்கொடுத்திருந்தாள். எரிக்கவில்லை, புதைக்கவில்லை, சாம்பலில்லை, திதியில்லை. வேன் போன பிறகு, சுடுகாடு என்று போய்த் திரும்பி நடப்பதற்கு ஒரு இடம்கூட இல்லாமல் எல்லோரும் வாசலிலேயே நின்றார்கள். அப்பா மட்டும் நிமிர்ந்து நின்றார். துக்கத்தில் மனசு பலவீனமாகும், பலவீனத்தில் பக்தி முளைக்கும், இது இயற்கை என்று சொல்வார், கனிவாகத்தான் சொல்வார். இல்லப்பா, அதற்கு முன்னாடியே என்று சொன்னால், அப்படியானால் ஏன் என்பார். மறுபடியும் ஏன். செக்கு ஒரு சுற்று முடித்து ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டது. பானையிலிருந்து லேசாக ஒரு சீறல் கேட்டது. பால் இல்லை, பானையின் வெளிப்பக்கத்து ஈரம். மட்டை பற்றிக்கொண்டுவிட்டது. அண்ணி நிமிர்ந்து, ‘ஏன் சிந்தா நின்னுக்கிட்டே தூங்குற?’ என்றாள். சிந்தனை சிரித்துவைத்தாள்.

ரோட்டுப் பக்கமிருந்து காற்றோடு அது வந்தது. முதலில் சலங்கை, பிறகு ஒரு குரல், பிறகு பல குரல் சேர்ந்து அரோகரா. பாதயாத்திரைக்காரர்கள். தை பிறந்தால் இந்த ரோடு பச்சையாகிவிடும், பச்சை வேட்டி, பச்சைச் சேலை, தோளில் காவடி, திருச்சியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் பழனி வரைக்கும் வெறுங்காலோடு. நடுவில் இந்த வீடு, இயக்கக் கொடியேற்றி வைத்த நாத்திகர் வீடு. ஆனால் அப்பா அவர்களை ஒருநாளும் ஏசியதில்லை. வாசலில் பந்தல் போட்டு, அண்டா நிறைய மோர் கரைத்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, தானே மொண்டு மொண்டு கொடுப்பார். கொடுக்கும்போதே மடித்துவைத்த துண்டறிக்கை ஒன்றையும் கையில் வைப்பார், கடவுள் இல்லை என்பதற்கான விளக்கம். அவர்கள் மோரைக் குடித்துவிட்டு, அறிக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ‘முருகா, நல்லா இருங்கய்யா’ என்று போவார்கள். அப்பாவுக்கு அதில் கோபமில்லை, ‘தாகம் தீர்ந்தாத்தான் மூளை வேலை செய்யும்’ என்பார். சின்ன வயசில் சிந்தனையின் வேலை டம்ளர் கழுவுவது. தரையில் குந்திக் கழுவும்போது அவள் கண்ணுக்கு நேரே கால்கள்தான் தெரியும். வெடித்த கால், துணி சுற்றின கால், மஞ்சள் பூசின கால். முகம் ஒன்றும் ஞாபகமில்லை, கால்கள் ஞாபகமிருக்கின்றன. அவை எல்லாம் எங்கேயோ போகிற கால்கள், வீட்டில் இருக்கிற கால்களைப் போல இல்லை. நானும் எழுந்து அந்தக் கால்களோடு போய்விட்டால் என்ன என்று ஒரு பொழுது தோன்றியதும், தோன்றினதை அப்பா பார்த்துவிட்டாரோ என்று நிமிர்ந்து பார்த்ததும், அது நிஜமாக நடந்ததா, இல்லை மாலை போட்ட பிறகு அவளாகச் சேர்த்துக்கொண்டதா, தெரியவில்லை. சலங்கைச் சத்தம் தேய்ந்து தேய்ந்து ஒரு பூச்சியின் சத்தம் போலாகி, நின்றது. இன்னும் சில நாளில் திருச்சிக் கூட்டம் கிளம்பும், அதில் அவளும் இருப்பாள். அவள் காலும் இந்த வீட்டு வாசலைக் கடந்துதான் போக வேண்டும், வேறு வழியே கிடையாது. பந்தலில் அப்பா நிற்பார், கையில் மோர் டம்ளரோடு. இன்றைக்குச் சொல்லாவிட்டால், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, பெற்ற தகப்பன் வாசலைத் திருடியைப் போலக் கடக்க வேண்டும். அதைவிட அவர் முகத்துக்கு நேரே நின்று சொல்லி, போ என்று அவர் சொல்வதைக் கேட்பது மேல். மேல்தானா? போ என்று சொல்லிவிட்டால்? பேச்சை நிறுத்திவிட்டால்? அப்பா பேசாத இந்த வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க முயன்றாள். அந்தப் பக்கம் நினைப்பு நகர மறுத்தது.

நேற்று வந்ததும் அவர் முதலில் பார்த்தது அவள் காலைத்தான். ‘செருப்பு எங்கம்மா?’ என்றார். பஸ்ஸில் அறுந்துவிட்டது என்று வாயில் வந்ததைச் சொன்னாள். அவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போய், அளவே கேட்காமல் சரியான அளவில் ஒரு ஜோடி வாங்கிவந்து வாசலில் வைத்துவிட்டார். புதுச்செருப்பு காலைக் கடிக்கிறது என்று இன்னொரு பொய். ‘தேங்காய் எண்ணெய் தடவிப் போடு’ என்று அண்ணனிடம் சொல்லி அதற்கும் ஏற்பாடாகிவிட்டது. நாளைக்கு மாட்டுப்பொங்கல், ஆட்டுக்கறி எடுப்பார்கள். அதற்கு என்ன பொய் வைத்திருக்கிறாள்? வயிறு சரியில்லை என்றால் ஓமத்தண்ணி வரும். இந்த வீட்டில் ஒரு பொய் சொன்னால் அதற்கு ஒரு மருந்து வந்துவிடும். அன்பாகவே வரும், அதுதான் தாங்க முடியவில்லை. அவர் அடித்து வளர்க்கவில்லையே. ஒருநாளும் கை ஓங்கியதில்லை, குரலைக்கூட உயர்த்தியதில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குத் தோழி ஒருத்தி நெற்றியில் வைத்துவிட்ட திருநீற்றை அழிக்க மறந்து வீட்டுக்கு வந்தபோது, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார், அவ்வளவுதான். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி பதிந்த பள்ளம். பிறகு மெதுவாக, ‘படிச்சதுல நம்பிக்கை இல்லையாம்மா?’ என்றார். அடி வாங்கியிருந்தால் அழுது முடித்திருக்கலாம். அந்தக் கேள்வியிலிருந்து அவள் இன்னும் எழுந்து வரவில்லை. அன்றைக்கு அவள் திருநீற்றைத் துடைத்தாள், அவர் கேட்கும் முன்பே பதில் சொல்லக் கற்றுக்கொண்டாள், அவர் சந்தோஷப்படுகிற பதில்களாகவே. அண்ணன் இங்கர்சாலுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவன் எதற்கும் ‘ஆமாப்பா’ என்றுவிட்டு வயலுக்குப் போய்விடுவான். இப்போதும் வயலில்தான் இருந்தான்.

நெருப்பு சுற்றிலும் ஏறி எரிந்தது. பாலின் மேல் ஏடு திரண்டு, ஏட்டுக்கு அடியில் ஏதோ புரண்டு படுத்தது. அப்பா நாற்காலியைப் பிடித்து எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். வருஷா வருஷம் பொங்குகிற நேரத்தில் உழவர்களைப் பற்றி நாலு வார்த்தை பேசுவார், அதற்குத் தொண்டையைச் செருமிக்கொண்டார். இப்போது சொல்ல வேண்டும். அப்பா, என்று தொடங்க வேண்டும். அப்பா, நான் உங்களிடம் ஒன்று சொல்லணும். அப்பா என்று உள்ளே சொல்லிப் பார்த்தால் அந்த வார்த்தை மலைப்படியில் உட்கார்ந்திருக்கிறவனிடம் போகிறது, அப்பனே என்று அவனைத்தான் இப்போதெல்லாம் கூப்பிடுகிறாள். இரண்டு பேரும் ஒரே பேரில் குறுக்கே குறுக்கே வருகிறார்கள். ஏடு நடுவில் வெடித்தது. வெள்ளையாக ஒரு நுரை எழும்பி, யோசித்து, அமுங்கியது. மறுபடியும் எழும்பியது. கிழக்குப் பக்கத்துக் கழுத்து வழியாகப் பால் வழிந்து நெருப்பில் இறங்க, பால் கருகுகிற வாசனை குப்பென்று வந்தது. உடம்பு முழுக்க அந்த வாசனை ஏறியது. விராலிமலைக் காற்று, கால்கள், அம்மாவை ஏற்றிப்போன வேனின் பின்கதவு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று வழிந்தன. பொங்கலோ பொங்கல் என்று அண்ணியின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. சந்தோஷமாக இருந்தது, காரணமே இல்லாத சந்தோஷம். பிறகுதான் அவளுக்கு உறைத்தது, யாரும் கை தட்டவில்லை. அப்பா பானையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், இல்லை, அவள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவள் கைகள் இரண்டும் கூப்பி நின்றன.

எப்போது ஏறின? இறக்கலாமா? இறக்கினாலும் பார்த்தது பார்த்ததுதான். கைகள் தாமாகவே மெதுவாக இறங்கிவந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் வயிற்றின்மேல் நின்றன. சேலைத் தலைப்பு நழுவியிருந்தது, மணி மாலை வெளியே கிடந்தது. சொல்வதற்கென்று இவ்வளவு நாளும் வரிசைப்படுத்தி வைத்திருந்ததில் கடைசியில் இருந்ததுதான் முதலில் வந்தது.

“நாளைக்கு எனக்குக் கறி வேண்டாம்ப்பா.”

அண்ணி அரிசிக் கூடையோடு அப்படியே நின்றாள். அதற்குப் பிறகு மற்றவையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. பழனிக்கு நடக்கப்போவது, செருப்பு அறுந்துபோகாதது, மார்கழியில் மாலை போட்டது. விராலிமலையை மட்டும் சொல்லவில்லை, அது சொல்லுக்குள் வரவில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றினார். அவள் காத்திருந்தாள். அம்மா போனதாலா என்று கேட்டார், இல்லை என்றாள், அதற்கு முன்பே என்றாள். உடம்புக்கு ஏதாவதா, மாப்பிள்ளையோடு ஏதாவதா, வேலையில் ஏதாவதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றாள். ஏன் என்று அவர் கேட்கவே இல்லை. கிட்டே வந்தார். குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

“பயமில்லாம கடவுள் இல்லம்மா. நீ எதுக்கோ பயந்திருக்க. எதுக்குன்னு சொல்லு, சரி பண்ணிடலாம்.”

இந்தக் கேள்விக்கு அவள் தயாராக வரவில்லை. அதனால்தான் அவர் சந்தோஷப்படுகிற பதில் ஒன்றும் கைவசம் இல்லை. யோசித்தாள், நிஜமாகவே யோசித்தாள், அவர் கற்றுக்கொடுத்த மாதிரியே.

“முருகன்கிட்ட எனக்குப் பயமே கிடையாதுப்பா,” என்றாள். “உங்ககிட்டதான்.”

பால் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. அண்ணி சத்தம் வராமல் அரிசியைக் களைந்து பானையில் போட்டாள். எத்தனையோ மேடையில் எத்தனையோ பேரின் கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொன்னவர், கையிலிருந்த கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொள்ள மறந்து, அது இல்லாத கண்ணால் அவளைத் தேடினார்.

“எப்பலேர்ந்தும்மா?”

“சின்னப் பிள்ளையிலேர்ந்து.”

அவர் தலை ஆடியது, ஒத்துக்கொண்டா, வயசாலா, தெரியவில்லை. பிறகு, ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டு அதைத் திரும்பக் கேட்கிறவரைப் போல, “சொல்லியிருக்கலாமே,” என்றார்.

“இதைத்தான்ப்பா சொல்ல முடியல,” என்றாள் சிந்தனை.